காணோம் என்றால் காலி என்று பொருளா?

சங்க மலரில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, ஊர்க் கோயில் குடமுழுக்கு என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த விழாவின் படங்களும், ஊரில் நமக்கு இருந்த வீட்டின் கடைசிப் புகைப்படமும், பாட்டி பாடிய தாலாட்டும் இன்று எங்கே இருக்கின்றன? அலமாரி ஆல்பத்தில் இல்லை. மேசைக்கு அடியில் தூசி படிந்து நிற்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அது ஒரு நாள் "ஒன்றும் இல்லை" என்று கையை விரித்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

போலாரம், அல்வால், திருமலகிரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பல, கன்டோன்மென்ட்டையும் ரயிலையும் நம்பி வந்து தங்கியவை. மூன்று நான்கு தலைமுறை ஆகிவிட்டது. பலருக்கு ஊரில் இருந்த வீடு கைமாறிவிட்டது. பேரப்பிள்ளைகள் தெலுங்கும் இந்தியும் சரளமாகப் பேசுகிறார்கள். தமிழ் வீட்டுக்குள் மட்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கொள்ளுத்தாத்தாவின் ஊர் என்பது சில படங்களும் ஒரு குரலும்தான். அவை போனால் தேடிப் போய் வாங்கி வர இன்னோர் இடம் கிடையாது.

இத்தனைக்கும், "டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லப்படும் வீடுகளில் பலவற்றில் டிஸ்க் போகவில்லை. உள்ளே இருக்கும் படங்களும் போகவில்லை. போனது ஒரு சிறிய அட்டவணை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நாமும் கடைக்காரரும் காட்டும் அவசரம்தான் மிச்சத்தை அழித்துவிடுகிறது.

64 பைட் சமாச்சாரம்

ஒரு ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்ட்டிஷன் என்கிறோம். நிலத்தைப் பாகம் பிரிப்பது போலத்தான். எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் பழைய முறையில் டிஸ்க்கின் முதல் செக்டாரில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் செக்டார் மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலுக்கு. கடைசி 2 பைட் அடையாள முத்திரை. நடுவே உள்ள 64 பைட்தான் பாகப் பிரிவினைப் பத்திரம். பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கு பாகங்களுக்கு மட்டுமே அதில் இடம். ஒரு தபால் முகவரி கூடச் சரியாக அடங்காத இடம் அது. பத்திரம் கிழிந்தால் நிலம் மறைந்துவிடுமா? ஆனால் கம்ப்யூட்டருக்குப் பத்திரம்தான் தெரியும், நிலம் தெரியாது. "ஒதுக்கப்படாத காலி இடம்" என்று அறிவித்துவிடுகிறது.

நான்குக்கு மேல் பாகம் வேண்டுமென்றால் ஒரு பாகத்துக்குள் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணி எங்கே என்று சொல்லும். நடுவில் ஒன்று அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும்.

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இது பழகிய காட்சி. ஓடும் வண்டியில் கப்ளிங் அறுந்து வண்டி இரண்டாகப் பிரிவதுண்டு. முன்பாதி ஸ்டேஷனுக்கு வந்து சேரும். ஸ்டேஷன் மாஸ்டர் கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. என்ற பலகை இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வண்டி முழுதாக வரவில்லை. மிச்சப் பெட்டிகள் பின்னால் செக்‌ஷனில் எங்கோ நிற்கின்றன என்று பொருள். கண்ணுக்குத் தெரியவில்லையே என்று அவர் பாதை காலி என்று சொல்லமாட்டார். அடுத்த வண்டியை உள்ளே விடமாட்டார். விட்டால் என்ன ஆகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் "காலி" என்று சொல்லும்போது நாம் கைக்கொள்ள வேண்டிய விதியும் இதுவே. உள்ளே பெட்டிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வண்டியை அனுப்பாதீர்கள். அதாவது, அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்தும் புதிதாக எழுத விடாதீர்கள்.

1999 ஏப்ரல் 26

இது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல. உலகமே ஒரு முறை இந்தப் பரீட்சை எழுதியது. தைவானில் தாதுங் கல்லூரி மாணவராக இருந்த சென் இங்-ஹாவ் என்பவர் எழுதிய வைரஸ் ஒன்று 1998ல் பரவத் தொடங்கியது. அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு சி.ஐ.ஹெச். என்று பெயர். 1986ல் செர்னோபில் அணு உலை விபத்து நடந்த அதே ஏப்ரல் 26ஆம் தேதி வேலையைக் காட்டும்படி அமைந்ததால் செர்னோபில் வைரஸ் என்றும் அழைத்தார்கள். 1999ல் அந்தத் தேதி வந்தபோது தென் கொரியா, துருக்கி, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்கள் ஏராளமாகப் படுத்துவிட்டன.

அந்த வைரஸ் செய்தது என்ன? டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சுமார் 1 மெகாபைட் அளவை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸையும் கெடுத்தது. பார்ட்டிஷன் அட்டவணை முதல் செக்டாரிலேயே இருப்பதால் அதுவும் போயிற்று. ஆனால் சில ஆயிரம் மெகாபைட் கொண்ட டிஸ்க்கில் 1 மெகாபைட் என்பது எம்மாத்திரம்! டி பார்ட்டிஷன் பெரும்பாலும் அப்படியே இருந்தது; அதன் முகவரி மட்டும் தொலைந்திருந்தது.

சி பார்ட்டிஷனின் கதைதான் சுவையானது. கோப்புகளின் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் ஃபேட் என்ற அட்டவணையை விண்டோஸ் இரண்டு பிரதியாக வைத்திருக்கும். பழைய ஃபேட்16 முறையில் இரண்டு பிரதிகளும் சிறியவை. அடுத்தடுத்து, அந்த முதல் மெகாபைட்டுக்குள்ளேயே இருந்தன. இரண்டும் அழிந்தன. புதிய ஃபேட்32 முறையில் அட்டவணை பெரியது. ஆகவே பெரிய டிஸ்க்குகளில் இரண்டாம் பிரதி அழிவின் எல்லைக்கு அப்பால் தப்பி நின்றது. அதை வைத்தே முதல் பிரதியைத் திரும்ப எழுதிவிட முடிந்தது. அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்ஸன் என்பவர் இதற்கென்றே ஒரு நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தார். பொறுத்திருந்தவர்களில் பலருக்குக் கணக்கு வழக்கெல்லாம் திரும்பக் கிடைத்தது. வைரஸ் வந்துவிட்டதே என்று அன்றைக்கே ஃபார்மேட் செய்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைந்துபோயிற்று.

அதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, பிரதி இருந்தால் பிழைக்கலாம். இரண்டு, அந்தப் பிரதி அசலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் இரண்டும் சேர்ந்து போகும். இரண்டாவது பாடத்துக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

சுவடி படித்தவர்கள் செய்த வேலை

இலவசமாகக் கிடைக்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் தொலைந்த பார்ட்டிஷனை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பலர் வியக்கிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. மந்திரம் ஒன்றும் இல்லை. அட்டவணையை நம்பாமல், டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறது. ஒரு பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தில் அதற்குரிய முத்திரையும் நீளமும் எழுதப்பட்டிருக்கும். அதோடு, என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷனின் முதல் செக்டாருக்கு அதன் கடைசியில் ஒரு நகல் உண்டு. ஃபேட்32க்கு ஆறாவது செக்டாரில் ஒரு நகல் உண்டு. இவற்றைக் கண்டு, "இங்கே ஒரு பாகம் தொடங்கியிருக்க வேண்டும், இவ்வளவு நீளம் இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது.

நம் உ.வே.சாமிநாதையர் செய்ததும் இதுதானே! ஓலைச் சுவடிக் கட்டில் முதலில் சிதைவது மேலேடும் கீழேடும். நூல் பெயரும் ஆசிரியர் பெயரும் அந்த ஏடுகளோடு போய்விடும். உள்ளே இருப்பதைப் படித்து, அகச்சான்றுகளைக் கொண்டு இது இன்ன நூல், இது இன்ன இடம் என்று பிரித்து, அவர் 1894ல் புறநானூற்றையும் 1904ல் பதிற்றுப்பத்தையும் அச்சேற்றினார். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. நடுவில் உள்ள எட்டுப் பத்துகள் நமக்கு இருக்கின்றன. தலையும் வாலும் இல்லாத கட்டு உதவாது என்று யாராவது அடுப்பில் போட்டிருந்தால் அந்த எட்டும் இல்லை.

அடுப்பில் போடும் வேலை இன்றும் நடக்கிறது என்பதுதான் வருத்தம். எங்கள் பகுதியில் ஒரு மூதாட்டி. கணவர் காலமாகிவிட்டார். பழைய கேசட்டுகளில் இருந்த அவர் பேச்சையும், மாமியார் பாடிய நலங்குப் பாட்டுகளையும் மகன் ஊருக்கு வந்திருந்தபோது கம்ப்யூட்டரில் ஏற்றி டி டிரைவில் வைத்துவிட்டுப் போனான். கேசட்டுகள் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போயின. ஒரு நாள் கம்ப்யூட்டர் எழவில்லை. கடைக்கு எடுத்துப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் "ரெடி அம்மா, புதுசு மாதிரி ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். உண்மைதான், புதுசு மாதிரியே இருந்தது. முழு டிஸ்க்கையும் ஒரே பார்ட்டிஷனாக்கி விண்டோஸ் ஏற்றியிருந்தார்கள். பிறகு தேடியதில் சில படங்கள் பாதி பாதியாகக் கிடைத்தன. குரல் கிடைக்கவில்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. நாம் போய் என்ன கேட்கிறோம்? "சீக்கிரம் ஓட வைத்துக் கொடுங்கள், பையனுக்கு ஆன்லைன் பரீட்சை இருக்கிறது" என்கிறோம். கொடுப்பது சில நூறு ரூபாய். அவர் இயந்திரத்தை ஓட வைக்கிறார். உள்ளே இருப்பது யாருடைய குரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியது நாம்.

என்ன செய்ய வேண்டும், என்ன கூடாது

முதலில், டிஸ்க்கைக் காணோம் என்றதும் மெஷினை நிறுத்துங்கள். "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது பழுது பார்க்கிறேன் என்று டிஸ்க்கிலேயே எழுதும். மீட்பு நிரலையும் அதே டிஸ்க்கில் இறக்கி வைக்காதீர்கள்.

அடுத்து, காதால் கேளுங்கள். டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினாலோ, உராயும் சத்தம் வந்தாலோ அது அட்டவணைக் கோளாறு அல்ல. உள்ளே இயந்திரக் கோளாறு. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுழலும் தட்டின் மேல், முடியின் தடிமனில் மிகச் சிறிய பங்கு இடைவெளியில் படிப்பு முனை மிதக்கிறது. அது தட்டைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, திருகைக் கழற்றிப் பார்ப்பது எல்லாம் கை வைத்தியம். தூசியற்ற அறை வைத்திருக்கும் நிபுணரிடம்தான் போக வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2020 அக்டோபரில் நம் ஹைதராபாத்திலும் வெள்ளம் வந்தபோது நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்துச் சுவிட்ச் போட்டவர்கள் உண்டு. அது கூடாது. சேறு உள்ளேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பையில் கட்டி நிபுணரிடம் சேர்ப்பதே முறை.

சத்தம் இல்லை, டிஸ்க் சீராகச் சுழல்கிறது, பார்ட்டிஷன் மட்டும் காணோம் என்றால் நம்பிக்கைக்கு இடம் நிறைய உண்டு. அப்போதும் முதல் வேலை தேடுவது அல்ல, நகல் எடுப்பது. அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்கில் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச நிரல் நன்றாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அதன் பின் அசலை எடுத்து வைத்துவிட்டு நகலில் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டுங்கள். அது கண்டுபிடித்த பார்ட்டிஷனில் உங்கள் கோப்புகளின் பெயர்கள் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அட்டவணையை எழுதச் சொல்லுங்கள். பார்ட்டிஷனே அகப்படாவிட்டால் அவரே எழுதிய ஃபோட்டோரெக் இருக்கிறது. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் குறியை வைத்து அது தேடி எடுக்கும். ஆனால் கோப்பின் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு நல்ல வேலை!

எவ்வளவு மோசமான டிஸ்க்கிலிருந்தும் மீட்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் வானில் சிதறியது. அதில் ஒரு விஞ்ஞானச் சோதனையின் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் டெக்ஸாஸில் விழுந்து, வறண்ட ஏரிப் படுகையில் மாதக்கணக்கில் கிடந்தது. மேலுறை கருகி உருகியிருந்தது. ஆன்ட்ராக் நிறுவனத்தார் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிஸ்க்கில் பொருத்திப் படித்தார்கள். சுமார் 99 சதவீதம் கிடைத்தது. சோதனையின் முடிவுகள் 2008ல் வெளியாயின. அந்தச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது, உண்மை. ஆனால் வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்கே பேசியதென்றால், மேசையடியில் இருப்பதை ஒரு மணி நேரத்தில் கைகழுவ வேண்டுமா?

இனி பழைய தைரியம் போதாது

இவ்வளவு நம்பிக்கை சொன்ன பிறகு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். புதிய லேப்டாப்புகளில் சுழலும் டிஸ்க் இல்லை, எஸ்.எஸ்.டி. இருக்கிறது. அதில் அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை மூலம் உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடுவார்கள். ஃபார்மேட் செய்த பிறகு தேடினால் பெரும்பாலும் வெறுமைதான் கிடைக்கும். புதிய ஜி.பி.டி. முறையில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகல் இருப்பது ஒரு ஆறுதல். ஆனால் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. பிட்லாக்கர் சாவி என்று 48 இலக்க எண் ஒன்று உண்டு. அது தெரியாவிட்டால் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்தும் பயனில்லை. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

"எல்லாம் கூகுளில் இருக்கிறது தாத்தா, கவலை வேண்டாம்" என்கிறார்கள் பிள்ளைகள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கிவிடலாம் என்பது 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அவர்களது விதி. காலமானவர்களின் கணக்கை யார் திறந்து பார்க்கிறார்கள்? அப்பாவின் கணக்கில் இருக்கும் படங்களை அவர் போன வருடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டாமா?

தமிழருக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லையும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. அதோடு டிஸ்கி, பாமினி என்று பலவும் புழக்கத்தில் இருந்தன. இன்று அந்தக் கோப்பை மீட்டுத் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். எந்த எழுத்துரு என்று கண்டால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். இதுவும் அந்த விதியில் சேர்ந்ததே.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அறிவுரை எழுதுவது எளிது. ஆகவே செயற்குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, சங்கத்தின் பழைய மலர்கள், விழாப் படங்கள், உறுப்பினர் விரும்பிக் கொடுக்கும் குடும்பக் குரல் பதிவுகள் ஆகியவற்றை இரண்டு வெளி டிஸ்க்குகளில் சேர்த்து வைக்கலாம். பார்க் லேன் பக்கம் போனால் அரை மணியில் வாங்கிவிடலாம். ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். மற்றது சென்னையிலோ திருச்சியிலோ ஒரு நம்பிக்கையான வீட்டில் இருக்கட்டும். 1999ன் இரண்டாவது பாடம் இதுதான். ஆண்டுக்கொரு முறை பொங்கலை ஒட்டி இரண்டையும் திறந்து சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கினால் போதும். வயதானவர்களின் பழுதான டிஸ்க்கைக் கடைக்கு அனுப்புமுன் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கலாம். பழைய எழுத்துருக் கோப்புகளையும் மாற்றித் தரலாம். என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

மூன்றாவதுக்குச் செலவே இல்லை. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்று மொழியிலும் ஒரு சிறு சீட்டு அச்சடித்து, அடுத்த கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுப்போம். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளட்டும். வாசகம் இப்படி இருக்கலாம்: "இதில் எங்கள் குடும்பப் பதிவுகள் உள்ளன. காலி என்று காட்டினாலும் எங்களைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யாதீர்கள்."

இதைவிட நல்ல வாசகம் தோன்றினால் அன்பர்கள் எழுதி அனுப்புங்கள். பொங்கலுக்குள் அச்சடித்துவிடலாம்.